பி.கே. நோர்ட் கழகத்தின் பழைய வீரர்

ஸ்காபரோவில் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றை ஜேர்மன் கம்பனி வாங்கியபோது, அங்கே வேலை செய்த தமிழர் யாருக்கும் அதனால் நித்திரை கெடவில்லை. முதலாளி யாராக இருந்தால் என்ன, வெள்ளிக்கிழமை செக் வந்தால் சரி. செல்வரட்ணம் ஒருவன்தான் வாசலில் புதிதாக மாட்டிய நீலப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றான்.

"இவங்கள் இஞ்சயும் வந்திட்டாங்களோ" என்றான்.

பலகையில் 'பிளங்கோல்' என்று இருந்தது. சவுக்காரத் தூள், பாத்திரத் திரவம், தரை துடைக்கும் தண்ணி எல்லாம் செய்கிற கம்பனி. அந்தப் பெயரைச் செல்வரட்ணம் வாய்விட்டு வாசிக்கவில்லை. கனடாவுக்கு வர முன்னமே அவனுக்கு அது கசந்துபோன பெயர்.

பாசையூரில் பிறந்தவன் அவன். எண்பத்துநாலில் ஜேர்மனிக்குப் போய் இறங்கி, அகதி விண்ணப்பம் போட்டு, வடக்கே நீடர்மோர் என்ற சின்னக் கிராமத்தில் கொண்டுபோய் விடப்பட்டான். மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடம்தான் அகதிகளுக்கு வீடு. சுற்றிவரச் சதுப்பு நிலம், மழை, மாடு. வேலை செய்ய அனுமதி இல்லை. பின்வளவில் பந்து அடித்துக்கொண்டிருந்தவனை ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஒருவர், கையைக் காட்டித் தன்னுடைய வான் வண்டியில் ஏறச் சொன்னார். அவர் டீற்றர். தொழில் தண்ணிக் குழாய் பூட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துக் கழகத்தின் கப்டன். அன்றைக்கு அவருடைய அணியில் ஓர் ஆள் குறைவு.

அப்படித் தொடங்கி நாலு வருசம் நீடர்மோருக்கு விளையாடினான் செல்வரட்ணம். ஜேர்மனியில் அதற்குக் கீழே ஒரு பிரிவு இல்லை என்று சொல்லத்தக்க பிரிவு. மண்ணிறச் சட்டை. மைதான மூலையில் கோணர்க் கொடிக்குப் பக்கத்தில் ட்ரக்ரர் நிற்கும். அவன் பந்தோடு ஓடினால் கிழவர்கள் பியர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். ஊரை விட்டு வந்த பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் இடம் அது.

எண்பத்தெட்டில் பிளங்கோல் வந்தது. சவுக்காரக் கம்பனி முதலாளிக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம் வேண்டுமாம். புதுக் கழகம் தொடங்கினால் அடிமட்டத்தில் இருந்து ஏறவேண்டும், அதற்கே வருசங்கள் போகும் என்று பக்கத்துப் பட்டினத்தில் கொஞ்சம் மேலே நின்ற ஒரு கழகத்தையும் நீடர்மோரின் மைதானத்தையும் பெயரையும் சேர்த்து வாங்கி ஒன்றாக்கினார்கள். கழகத்துக்குக் கம்பனியின் பெயரை வைக்க அந்த நாட்டு விதி விடாது. அதனால் 'பி.கே. நோர்ட்' என்று வைத்தார்கள். பி.கே. என்றால் ஜேர்மன் மொழியில் பந்துக் கழகமாம், நோர்ட் என்றால் வடக்காம். கம்பனியின் பெயர்ப்பலகையில் பெரிதாக நிற்கும் எழுத்துகளும் அவைதான் என்பது சும்மா தற்செயலாம். மண்ணிறச் சட்டை நீலமானது. சின்னத்தில் இருந்த மாடு போய் ஒரு நுரைக்குமிழி வந்தது. சம்பளத்துக்கு வேறு ஆட்டக்காரர் வந்தார்கள்.

அந்த நாட்களில் ஒருதரம் டீற்றர் வானை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "நீலச்சட்டை போடுறதிலும் பார்க்க கோல் கம்பத்தைக் கொளுத்திவிட்டுப் போவேன்." செல்வரட்ணம் அந்த ஒரு வசனத்தைக் கனடாவரை கொண்டுவந்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பி.கே. நோர்ட் படிப்படியாக ஏறி முதற்பிரிவுக்கு வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே கீழே போய்விடும் என்று ஜேர்மன் பத்திரிகைகள் எழுதின. ஒக்ரோபரில் அது முதலாம் இடத்தில் நின்றது. நூறு வருசப் பழமையுள்ள கழகங்களை, உலகக் கிண்ணம் தூக்கிய ஆட்டக்காரரை வைத்திருந்த கழகங்களை, நேற்றுப் பிறந்த சவுக்காரக் கழகம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது.

ஸ்காபரோத் தொழிற்சாலையில் அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாட்டு அறையில் பெரிய ரீவி வந்தது. ஜேர்மனியில் இருந்து ஆட்டங்களின் வீடியோக் கசற் வரும். மத்தியானம் அதைப் போடுவார்கள். எல்லாருக்கும் கழுத்தில் சுற்றும் நீல மவ்ளர் சும்மா கொடுத்தார்கள். குளிர்காலம் வரும் நேரம் என்பதால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்வரட்ணம் தன்னுடையதை மெசினில் சிந்திய எண்ணெய் துடைக்கப் பாவித்தான்.

எல்லாரிலும் கூடுதலாகத் துள்ளியவர் பத்மநாதன். பகல் ஷிப்ட் சுப்பவைசர். வயது ஐம்பதைத் தாண்டியவர். வாழ்நாளில் பந்தை உதைத்தவரில்லை. பந்து தன்னை நோக்கி வந்தால் மரியாதையாக விலகி வழிவிடும் வகை. அவர் 'பி.கே. நோர்ட் ரொறன்ரோ ஆதரவாளர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கி, தானே தலைவரானார். ஓவர்டைம் வேண்டிய ஆட்கள் எல்லாரும் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

"தம்பி, நேற்று எங்கட ஆக்கள் மூண்டு கோல் அடிச்சவங்கள். பாத்தியோ?" என்று ஒரு திங்கட்கிழமை செல்வரட்ணத்திடம் கேட்டார்.

"எங்கட ஆக்கள் எண்டால் ஆர் அண்ணை? பாசையூர் ஆக்களோ?"

"பகிடி விடாதை. பி.கே. நோர்ட்."

"உது கழகமில்லை அண்ணை. சவுக்காரப் பெட்டி. பெட்டிக்குக் கால் பூட்டி ஓட விட்டிருக்கிறாங்கள்."

"வெல்லுறாங்களே!"

"வாங்கின கால் வெல்லாமல் என்ன செய்யும்? உங்களுக்கு ஓவ்சைட் எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

பத்மநாதனுக்குத் தெரியாது. ஆனால் சுப்பவைசர் என்றபடியால், "அதெல்லாம் விசில் ஊதுற ரெவ்ரி பாத்துக்கொள்ளுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வரட்ணம் குடும்பம் அஜின்கோர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தது. மனைவி மக்டலீன், பள்ளிக்கூடம் போகும் மகள் நதீஷா. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போக முன்னம் பலமொழிச் சனலில் ஜேர்மன் ஆட்டங்களைச் சுருக்கிக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் செல்வரட்ணம் தவறாமல் இருந்தான். பி.கே. நோர்ட் தோற்பதைப் பார்க்கத்தான். பத்மநாதனின் சங்கத்தில் ஒருவர்கூட அவ்வளவு ஒழுங்காகப் பார்த்திருக்கமாட்டார்கள். கோல் விழ விழ அவன் கதிரையில் இருந்து ஏசுவான். பார்வையாளர் பகுதியில் நீல மவ்ளரை ஒரே மாதிரி ஆட்டும் சனத்தைப் பார்த்து, "பார், பார். விளம்பரத்துக்கு ரிக்கற் எடுத்துப் போய் நிக்கிற மந்தையள்" என்பான்.

"உங்களுக்கு என்ன வந்தது? அவங்கள் வடிவாத்தானே விளையாடுறாங்கள்" என்று மக்டலீன் சொல்லுவாள்.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் வடிவாக விளையாடினார்கள்.

மே மாதம் பருவம் முடிந்தபோது பி.கே. நோர்ட் இரண்டாம் இடம். முதற்பிரிவுக்கு வந்த முதல் வருசத்திலேயே இரண்டாம் இடம். கம்பனி அதைக் கொண்டாட அணியை வட அமெரிக்காவுக்கு அனுப்பியது. யூன் மாதம் ரொறன்ரோவில் உள்ளூர்த் தெரிவு அணி ஒன்றோடு சிநேகித ஆட்டம் என்று தொழிற்சாலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலையாட்களுக்கு ரிக்கற் இலவசம்.

அந்தக் கிழமை மக்டலீன் தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, பத்மநாதனின் மனைவி யோகமலர் வந்தாள். தன் மனுசன் ஜேர்மன்காரரோடு ஒன்றாக இருந்து சாப்பிடப்போகிறார், விமான நிலையத்துக்கும் அவர்தான் மாலை கொண்டு போகிறார் என்று நிறுத்தாமல் சொன்னாள். "உங்கட மனுசனுக்கு உதிலை விருப்பமில்லையாம், என்ன? பந்தடி விளங்காட்டில் கஷ்டம்தான்" என்றும் சொன்னாள்.

மக்டலீன் வருசக்கணக்காக அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் வெளியே வந்தது. "யோகமலர் அக்கா, உங்கட மனுசன் மாலை போடப்போற கழகத்துக்கு என்ர மனுசன் விளையாடினவர். அது கழகமா இருந்த காலத்தில."

இரண்டு நாளில் கதை தொழிற்சாலை முழுக்கப் பரவியது. மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்தில் இருந்து கிறிஸ்ரினா வந்து நின்றாள். விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பானவள். காதுவரை சிரிப்பு. ஆங்கிலத்தை மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள், செல்வரட்ணம் செவிடு என்று யாரோ சொல்லிவிட்டதுபோல.

"என்ன அருமையான கதை! அகதி, கிராமத்துக் கழகம், பிறகு நம்முடைய தொழிற்சாலை! நீங்கள் அணியோடு மைதானத்துக்குள் நடந்து வரவேண்டும். பழைய கழகத்தின் சட்டையையே செய்வித்திருக்கிறோம்."

சட்டையை விரித்துக் காட்டினாள். மண்ணிறம் என்று நினைத்து சொக்கிளேற் நிறத்தில் தைத்திருந்தார்கள். நெஞ்சில் மாடு இருந்தது. மாட்டுக்கு மேலே நுரைக்குமிழி.

"இந்த மாடு ஏன் குளிக்குது?" என்று செல்வரட்ணம் கேட்டான்.

அவளுக்கு விளங்கவில்லை. சிரித்தாள். மாட்டேன் என்று சொல்ல அவன் வாயெடுக்க, அவள் சொன்னாள்: "உங்கள் பழைய கப்டனும் அணியோடு வருகிறார். டீற்றர்."

செல்வரட்ணம் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மக்டலீனிடம், "படத்துக்கு நிக்க இல்லை. டீற்றரைப் பாக்கப் போறன்" என்றான். "பாவம் மனுசன். என்ன கரைச்சலோ, உவங்களோட இழுபட்டுத் திரியுது." டீற்றரும் தானும் ஒரு மூலையில் இருந்து, நீலச்சட்டைக் கூட்டத்தைப் பார்த்துச் சேர்ந்து காறித் துப்புவதாக அவன் மனதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் வழக்கத்திலும் நல்லாகச் சாப்பிட்டான்.

ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் டவுன்ரவுன் ஹோட்டலுக்குப் போனான். கீழ்த்தளத்தில் ஓர் அறையை அணியின் சாமான் அறையாக மாற்றியிருந்தார்கள். அங்கே நீல ரக்சூட் போட்ட கொழுத்த மனிதர் ஒருவர் நீலச்சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து, சுருக்கம் தடவிக் கதிரைகளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"செல்வா!"

டீற்றர் இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அவரில் சவுக்காரத் தூள் மணத்தது. செல்வரட்ணத்தின் ஜேர்மன் மொழி துருப்பிடித்திருந்தாலும் கதைக்கக் கதைக்கத் திரும்பி வந்தது.

"இரண்டாம் இடம், செல்வா! நாங்கள்! யோசித்துப் பார், நாங்கள்!"

"நாங்களோ?" என்றான் செல்வரட்ணம். "டீற்றர், அவங்கள் ஊரைக் களவெடுத்தவங்கள்."

டீற்றர் ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். "களவோ? ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். கோல் கம்பத்தைக் கொளுத்துவேன் எண்டு வானில வச்சுச் சொன்னீங்கள்."

டீற்றர் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சொல்லியிருப்பேன். அது கழகத்தை விற்கக் கூடின கூட்டத்துக்கு முன்னம். கூட்டத்தில் அவர்கள் படங்களைக் காட்டினார்கள். சுடுதண்ணிக் குளியலறை, வெளிச்சம், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை. கையை முதலில் தூக்கினதே நான்தான். எல்லாரும் தூக்கினார்கள். விடிய விடியக் குடித்தோம். உனக்குத் தெரியாதா?"

"நான் அண்டைக்கு அங்கை இல்லை."

"ஓம், நீ எப்படி இருப்பாய்? நீ உறுப்பினர் இல்லையே. அகதிகளை உறுப்பினராக்கிறது இல்லைத்தானே." அதை அவர் மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு முகம் மலர, "ஆனால் உன்னை மறக்கவில்லை. புதுக் கட்டிடத்தில் பழைய ஆட்டக்காரரின் பெயர்ச்சுவர் இருக்கிறது. உன் முழுப்பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. 'செல்வா, இந்தியா' என்று போட்டிருக்கிறோம்."

"நான் இந்தியாவில்லை."

"அந்தப் பக்கம்தானே."

செல்வரட்ணம் அங்கே கிடந்த கதிரையில் இருக்கப் பார்த்தான். அதில் சட்டை இருந்தது. "கவனம், கசங்கப் போகுது" என்றார் டீற்றர். ஆகவே நின்றுகொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டான். பழைய மைதானம் இப்போது கார் நிறுத்துமிடம். டீற்றரின் மகன் கம்பனியில் கணக்காளர். அணி எங்கே போனாலும் டீற்றர் சட்டை அடுக்கப் போகிறார், உலகம் பார்க்கிறார். "எனக்கு ஒரு குறையும் இல்லை, செல்வா. உனக்கும் அவர்கள்தான் வேலை தருகிறார்களாம். பிறகேன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?"

ஒன்பது வருசமாக ஒரு கம்பனியை வெறுத்து வந்தவன், வாசல்வரை நடக்கும் நேரத்துக்குள் ஒரு முழுக் கிராமத்தையும் வெறுத்து முடித்தான். பியர் கிளாசைக் கீழே வைத்த கிழவர்களையும் அவன் விடவில்லை. அவர்களும் கை தூக்கியிருப்பார்கள்; அதற்காகத்தான் அன்றைக்குக் கிளாசைக் கீழே வைத்திருப்பார்கள்.

வாசலில் கிறிஸ்ரினா நின்றாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள்.

"நான் வரமாட்டன்."

"ஐயோ, அறிவித்தாயிற்றே! பத்திரிகைக்கும் சொல்லிவிட்டோம்!"

"வேற ஆளைப் போடுங்கோ" என்றான் செல்வரட்ணம். "உங்களுக்கு ஆர் நிண்டால் என்ன? மாட்டுக்குக் குமிழி போட்ட ஆக்கள்தானே."

மிச்சத்தைத் தமிழில் சொல்லிவிட்டு சப்வே படிகளில் இறங்கினான்.

வீட்டில் மக்டலீன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "நீங்கள் நடந்து வராட்டில் விடுங்கோ. நானும் நதீஷாவும் போறம். அவள் பள்ளிக்கூடத்தில சொல்லிப் போட்டாள், அப்பா விளையாடின கழகம் வருது எண்டு" என்றாள். அடுத்தநாள் மூவரும் சேர்ந்து போனார்கள். இலவச ரிக்கற்காரருக்கு வெய்யில் நேரே முகத்தில் அடிக்கும் பக்கத்தில் இடம்.

பாதி மைதானம் நீலமாக இருந்தது. தமிழ், போர்த்துக்கீசு, பிலிப்பைன்ஸ் என்று கம்பனி வேலையாட்கள் எல்லாரும் யூன் வெய்யிலில் கம்பளி மவ்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேர்த்து ஒழுகினார்கள். நுரைக்குமிழி வேடம் போட்ட ஒருவன் ஓடித் திரிந்து, விழுந்து, எழும்ப முடியாமல் உருண்டான். பெரிய கைதட்டல்.

அணி வெளியே வந்தது. அறிவிப்பாளரின் குரல் முழங்கியது. "பி.கே. நோர்ட் கழகத்தின் பழைய வீரர், இன்று நமது ரொறன்ரோக் குடும்பத்தின் அங்கத்தவர், செல்வா!"

நதீஷா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மக்டலீனும் பார்த்தாள். மைதானத்துக்குள் சொக்கிளேற் நிறச் சட்டையோடு ஓர் ஆள் கையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தார். சட்டை வயிற்றைச் சுற்ற மறுத்து மேலே ஏறி நின்றது.

"அப்பா, that's Pathman uncle!" என்றாள் நதீஷா.

பத்மநாதன்தான். சங்கத் தலைவர், கைக்கெட்டின இடத்தில் நின்றவர், தமிழர். கிறிஸ்ரினாவுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. பத்மநாதன் பந்தை மைய வட்டத்தில் வைக்கக் குனிந்தார். பந்து உருண்டு போனது. துரத்திப் பிடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வைத்தார். அப்போது ஓரத்தில் இருந்து டீற்றர் வந்தார். பத்மநாதனின் முகத்தை அருகில் பார்த்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கட்டிப்பிடித்து முதுகில் தட்டி, கமராவைப் பார்த்துச் சிரித்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

"எழும்பிப் போய்ச் சொல்லுங்கோ!" மக்டலீன் அவனை முழங்கையால் இடித்தாள். "எழும்புங்கோ! அந்த டீற்றர் உங்களைக் கண்டவன்தானே, நேற்று!"

செல்வரட்ணம் எழும்பவில்லை. சிரிக்கத் தொடங்கியிருந்தான். முதலில் சத்தமில்லாமல், பிறகு அடக்க முடியாமல். கண்ணில் தண்ணி வந்தது. "விடு, மக்டலீன். விடு. பொருத்தமான ஆளைத்தான் பிடிச்சிருக்கிறாங்கள்." பக்கத்தில் இருந்த போர்த்துக்கீசுக்காரன், கழகத்தின் வெற்றியில் மகிழ்ந்து சிரிக்கிறான் என்று நினைத்து அவனுடைய தோளில் தட்டினான்.

பி.கே. நோர்ட் ஏழு கோல் அடித்தது. நாலாவது கோல் விழும்போது அவர்கள் சப்வேயில் இருந்தார்கள். வீட்டு வாசலில் நதீஷா, "நீங்கள் உண்மையா விளையாடினீங்களோ, அப்பா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"Okay" என்றாள். நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரிப்பு முழுக்க நின்றது அந்த இடத்தில்தான்.

திங்கட்கிழமை பத்மநாதன் மெசின்பக்கம் வராமல் சுற்றுப்பாதையில் திரிந்தார். சாப்பாட்டு நேரம் முடியும்போது மெல்ல வந்து நின்றார். தொழிற்சாலைச் சுவரில் அதற்குள் படம் ஒட்டியாகிவிட்டது. சொக்கிளேற் சட்டை, டீற்றர், கீழே 'செல்வா' என்ற பெயர்.

"தம்பி, அந்தக் கிறிஸ்ரினாப் பிள்ளை வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போட்டாள். நான் இல்லை எண்டுதான் சொன்னனான். ஆளில்லை, ஆளில்லை எண்டு அழாக்குறை. நான் என்ன செய்யிறது?"

"எந்தக் காலால அடிப்பியள் அண்ணை?"

"ஆ?"

"ஆரும் கேட்டால் சொல்லவேணுமெல்லே. எந்தக் காலால விளையாடினனீங்கள்?"

பத்மநாதன் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாலயும் எண்டு சொல்லட்டோ?"

செல்வரட்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தான். சொல்வதற்கு நல்ல கூரான சொற்கள் அவனிடம் நிறைய இருந்தன. அதற்குள் பத்மநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ்வளவு சனம் எழும்பி நிண்டு கை தட்டினது, தம்பி. எனக்கு ஒருத்தரும் ஒருநாளும் கை தட்டினதில்லை. நீ குறை நினைக்காதை."

மணி அடித்தது. மெசின் உறுமத் தொடங்க, வெறும் போத்தல்கள் ஆடி ஆடி வரிசையாக வந்தன.

"குறையொண்டுமில்லை" என்றான் செல்வரட்ணம், கையுறையை மாட்டிக்கொண்டு. "அந்தப் பெயரை நீங்களே வச்சிருங்கோ. போகிற வழியில அந்தப் போத்தல் மூடிப் பெட்டியை இஞ்சால தள்ளிவிடுங்கோ."

பத்மநாதன் தான் சுப்பவைசர் என்பதை மறந்து, பெட்டியைக் காலால் தள்ளினார். அது பக்கவாட்டில் போய்த் தூணில் முட்டி நின்றது.